மழைக்கு நம் காம்பவுண்டு சுவர் தெரியாது

(நம் குடியிருப்பின் 'மாலைப் பேச்சு' வரிசையில், சென்ற மாதம் சமூகக் கூடத்தில் 'பி' பிளாக் குடியிருப்பாளரான ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினீயர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)

பின்வரிசையில் கேட்கிறதா? சரி.

கமிட்டி எனக்குக் கொடுத்த தலைப்பு, 'கணிதமும் தர்க்கமும் உலகத்தை உள்ளபடி சொல்லுமா?' என்பது. செயலாளர் இதை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் என் மனைவி சொன்னாள், "இதைக் கேட்க யார் வருவாங்க? போண்டா உண்டுன்னு சேர்த்துப் போடச் சொல்லுங்க." சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று கூட்டத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நான் தத்துவம் படித்தவன் இல்லை. முப்பத்தைந்து வருடம் கட்டட வேலை பார்த்தவன். ஆனாலும் இந்தத் தலைப்புக்கு ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையில், 'பி' பிளாக் படிக்கட்டின் கடைசிப் படி தெரியாமல் தண்ணீர் நின்றதே, அன்று நானும் சிலரும் அங்கே நின்றுகொண்டிருந்தோம். பேஸ்மென்ட் முழுக்கத் தண்ணீர். உள்ளே எத்தனை கார், எத்தனை ஸ்கூட்டர் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது 'சி' பிளாக்கில் இருந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "சார், நீங்க கணக்குப் போட்டுத்தானே பயமில்லைன்னு சொன்னீங்க?" கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் பிறகு மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அந்தப் பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தக் கணக்கு. அதற்கு முந்தைய வருடம் பேஸ்மென்ட்டுக்கு எத்தனை குதிரைத்திறன் பம்ப் வேண்டும் என்று கமிட்டி கேட்டது. மழைநீர் வடிகாலுக்கு நாங்கள் பயன்படுத்தும் சூத்திரம் மிக எளிது. மழை எவ்வளவு வேகமாகப் பெய்கிறது, எவ்வளவு பரப்பில் பெய்கிறது, அதில் எவ்வளவு பங்கு மண்ணுக்குள் போகாமல் ஓடி வருகிறது. மூன்றையும் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு 'ரேஷனல் ஃபார்முலா' என்று பெயர். அறிவுக்கு ஏற்ற சூத்திரம்! அந்தப் பெயரே பின்னால் என்னைப் பார்த்துச் சிரித்தது. நம் ராம்ப்பும் அதை ஒட்டிய திறந்தவெளியும் சேர்த்து 400 சதுர மீட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டேன். பத்தில் ஒன்பது பங்கு ஓடி வரும். பெருக்கினால் மணிக்கு 18,000 லிட்டர். மணிக்கு 20,000 லிட்டர் இறைக்கும் பம்ப் ஒன்று போதும், பத்திரத்துக்கு இரண்டாவது ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த நாளில் எவ்வளவு பெய்தது? நமக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. இதைச் சராசரி பார்த்தால் மணிக்கு 20 மில்லிமீட்டர்தான். இடையிடையே கொட்டித் தீர்த்தது உண்மை. ஆனாலும் என் 400 சதுர மீட்டருக்குள் விழுந்த மழையை மட்டும் கேட்டால், இரண்டு பம்புகளும் ஓடியிருந்தால் இறைத்திருக்கும். இன்றைக்கும் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் பெருக்கலில் தப்பு இல்லை.

தண்ணீர் மேலிருந்து வரவில்லை. ரோட்டிலிருந்து வந்தது. நம் ராம்ப் முகப்பு 5 மீட்டர் அகலம். அங்கே இருக்கும் மேட்டைத் தாண்டி 10 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஓடினாலே மணிக்கு ஒன்பது லட்சம் லிட்டருக்கு மேல் உள்ளே வரும். நான் வாங்கிக் கொடுத்த இரண்டு பம்பும் சேர்ந்து 40,000 லிட்டர். அந்த 400 சதுர மீட்டரை நான் டேப் பிடித்து இரண்டு தடவை அளந்தேன். அதற்குள் விழும் மழை மட்டும்தான் உள்ளே வரும் என்பதை நான் அளக்கவும் இல்லை, தாளில் எழுதவும் இல்லை. அது எனக்கு ஓர் அனுமானமாகவே தோன்றவில்லை. காம்பவுண்டு சுவர் இருக்கிறதே, அதற்குள் நடப்பதுதானே நம் கணக்கு என்று மனசு முடிவு செய்துவிட்டது.

சரி, கணக்கு பொய்யா? இதை வேறு ஒரு கதையில் வைத்துப் பார்க்கலாம். நம் மொட்டைமாடியில் நின்றால் வடமேற்கே பரங்கிமலை தெரிகிறது. 1802 ஏப்ரல் 10-ம் தேதி அந்த மலை அருகே தொடங்கி, இந்தப் பக்கம் பெரும்பாக்கம் குன்றுவரை ஒரு நேர்கோட்டை அளந்தார்கள். சுமார் 12 கிலோமீட்டர். நாம் குடியிருக்கும் இந்தப் பகுதி வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அளந்தவர் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி. கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. அதை மரப்பெட்டிகளில் நீட்டி வைத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, சுமார் 400 தடவை எடுத்து எடுத்து வைத்தார்கள். வெப்பமானி எதற்கு? வெயிலில் எஃகு நீளும். 10 டிகிரி வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால், அந்த 12 கிலோமீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தப்பு வரும். நூறு அடிச் சங்கிலி சித்திரை வெயிலில் நூறு அடி இல்லை. கணிதத்தில் நூறு எப்போதும் நூறுதான்.

அந்தக் கோட்டில் தொடங்கி இந்தியாவையே அளந்தார்கள். ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது. குமரிமுனையிலிருந்து இமயமலை அடிவாரம்வரை முக்கோணங்களாகவே போனார்கள். அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு. 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து பல வாரம் தானே அதைத் தட்டிச் சரிசெய்தார். (இதைப் படித்தபோது, சைட்டில் கீழே விழுந்த என் லெவல் கருவியை ரிப்பேருக்கு அனுப்பி மூன்று மாதம் காத்திருந்தது ஞாபகம் வந்தது.)

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 டிகிரி என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நிரூபித்தும் காட்டினார்கள். ஆனால் லாம்ப்டனின் பெரிய முக்கோணங்களில் கூட்டுத்தொகை 180-ஐத் தாண்டும். அளவுப் பிழை இல்லை. பூமி உருண்டை. தாளில் வரைந்த முக்கோணத்தின் விதி, உருண்டையில் வரைந்த முக்கோணத்துக்குப் பொருந்தாது. பரப்பு சுமார் 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை, அதாவது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு, அதிகம் வரும். நம் கிரிக்கெட் மைதானத்தில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் முக்கோணத்தில் தெரிந்துவிடும். அவர்களுக்கு இது முன்கூட்டியே தெரியும், கழித்துக்கொண்டார்கள். யூக்ளிட் சொன்னது இன்றும் தப்பில்லை. 'சமதளமாக இருந்தால்' என்று அவர் தொடங்கினார். அந்த 'இருந்தால்' நமக்குக் காதில் விழுவதில்லை.

இப்போது கதை சுவாரஸ்யமாகிறது. வடக்கே கலியானா, மத்திய இந்தியாவில் கலியான்பூர் என்று இரண்டு நிலையங்கள். நடுவே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை இரண்டு வழியில் கண்டுபிடித்தார்கள். ஒன்று, முக்கோணங்கள் வழியாக. இன்னொன்று, இரண்டு இடத்திலும் நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகையைக் கணக்கிட்டு. இரண்டு விடையும் ஒத்துவர வேண்டும். 5.24 விகலை இடித்தது. தரையில் சுமார் 160 மீட்டர். 600 கிலோமீட்டரில் 160 மீட்டர் ஒரு பெரிய விஷயமா என்று நாம் விட்டுவிடுவோம். அவர்கள் விடவில்லை.

சந்தேகம் தூக்குக்குண்டு மேல் விழுந்தது. நட்சத்திரத்தைப் பார்க்க 'நேர் கீழே' எது என்று தெரிய வேண்டும். நம் கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிறாரே, அதே தூக்குக்குண்டுதான் அதைச் சொல்கிறது. ஆனால் வடக்கே அவ்வளவு பெரிய இமயமலை நிற்கிறது. அது குண்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்காதா? நியூட்டன் சூத்திரப்படி இழுத்தே ஆக வேண்டும். கல்கத்தாவில் இருந்த ஜான் பிராட் என்ற பாதிரியார் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மலையின் பாறை இவ்வளவு, தூரம் இவ்வளவு, எனவே இழுப்பு இவ்வளவு. விடை கிட்டத்தட்ட 15.9 விகலை. அளவில் கிடைத்ததோ 5.24. மலை இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கிறது!

சூத்திரம் சரி. பெருக்கல் சரி. தூக்குக்குண்டும் சரி. அப்படியானால் எது தப்பு? 'மலைக்குக் கீழே இருக்கும் பூமி மற்ற இடத்தைப் போலத்தான்' என்று எழுதாமல் விட்ட ஒரு வரி தப்பு. 1855-ல் ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் சொன்னார்: மலைக்குக் கீழே ஆழமாக வேர் மாதிரி எடை குறைந்த பாறை இறங்கியிருக்கிறது, கனமான பொருளின் மேல் மலை மிதக்கிறது. பிறகு பிராட் வேறு ஒரு விளக்கம் சொன்னார்: வேர் எல்லாம் இல்லை, உயரமான இடத்தின் பாறையே அடர்த்தி குறைந்தது. இரண்டு விளக்கத்திலும் கணக்கு இடிக்காமல் வரும். இரண்டில் எது என்று கணிதம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பிற்காலத்தில் பூமிக்குள் ஆராய்ந்து பார்த்தபோது, இமயமலையைப் பொறுத்தவரை ஏரியின் வேர்தான் பெரும்பாலும் பொருந்தியது.

என் தொழிலில் எனக்கு இதைவிடப் பிடித்த கதை கிடையாது. கணக்கு இடித்ததால்தான் மலைக்கு வேர் இருப்பது தெரிந்தது. துல்லியமாகக் கணக்குப் போடாதவனுக்கு அந்த 5.24 கண்ணிலேயே பட்டிருக்காது.

கணிதத்தை ரொம்பவும் மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். அதே முக்கோண வழியில், ராதாநாத் சிக்தார் போன்ற கணக்கர்கள் தாளில் போட்டுப் போட்டு, 150 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து பார்த்த ஒரு சிகரத்துக்கு 29,002 அடி என்று உயரம் சொன்னார்கள். 1856-ல் அறிவித்தார்கள். இன்று செயற்கைக்கோள் எல்லாம் வைத்து எடுத்த அளவு 8,848.86 மீட்டர். அடியில் சொன்னால் 29,032-க்குச் சற்றுக் குறைவு. முப்பது அடிதான் வித்தியாசம். எவரெஸ்ட் மேல் அப்போது ஒரு மனிதனும் கால் வைத்ததில்லை.

இன்னொரு உதாரணம், சுருக்கமாக. யுரேனஸ் கிரகம் கணக்குப்படி போகவில்லை. பாரீஸில் லெவெரியே என்பவர், வெளியே இன்னொரு கிரகம் இழுக்கிறது, இந்த இடத்தில் பாருங்கள் என்று எழுதி அனுப்பினார். 1846 செப்டம்பர் 23 அன்று இரவே பெர்லினில் நெப்டியூனைப் பார்த்துவிட்டார்கள், அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள். உலகமே கைதட்டியது. பிறகு புதனும் கணக்குப்படி போகவில்லை. அதே லெவெரியே, அதே வழியில், சூரியனுக்குப் பக்கத்தில் 'வல்கன்' என்று ஒரு கிரகம் இருக்கிறது என்றார். தேடினார்கள். பார்த்தோம் என்றுகூடச் சிலர் சத்தியம் செய்தார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைன் புவியீர்ப்பின் சூத்திரத்தையே மாற்றியபோதுதான் புதனின் கணக்கு சரியாக வந்தது. ஒரே மனிதர், ஒரே முறை, ஒரே அளவு திறமை. ஒரு தடவை கிரகம் கிடைத்தது, ஒரு தடவை கிடைக்கவில்லை. தாளை மட்டும் பார்த்து எந்தத் தடவை எது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. தொலைநோக்கியைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

நம் தமிழில் 'அளவை' என்று ஒரு சொல் இருக்கிறது. படி, மரக்காலும் அளவை. தர்க்கமும் அளவை. மணிமேகலையில் இதற்கென்றே நீண்ட பகுதி வருகிறது. மலையில் புகை தெரிகிறது, புகை இருந்தால் நெருப்பு இருக்கும், எனவே மலையில் நெருப்பு இருக்கிறது. இந்த வாதத்தில் ஓட்டை கிடையாது. ஆனால் விடியற்காலையில் தெரிந்தது புகைதானா, பனியா? அதை வாதம் சொல்லாது, மலைவரை நடந்துபோனவன்தான் சொல்வான். அளப்பதற்கும் ஆராய்வதற்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு. இந்தப் பேச்சை அவளிடம் ஒத்திகை பார்த்தபோது கேட்டாள், "தாத்தா, ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. அதுகூட மாறுமா?" மாறாது. ஆனால் எதைக் கூட்டுகிறாய் என்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு லிட்டர் சுத்தமான ஆல்கஹாலும் சேர்த்தால் இரண்டு லிட்டர் வராது, கொஞ்சம் குறையும். ஒன்றின் இடுக்குகளில் மற்றது போய் உட்கார்ந்துகொள்கிறது. எடையைக் கூட்டிப் பார், சரியாக வரும். கூட்டல் தப்பவில்லை. கன அளவு கூட்டலுக்குக் கட்டுப்படும் என்று நாமாக நினைத்துக்கொண்டோம். (இந்த உதாரணத்தைப் பேத்தியிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று என் மருமகள் அபிப்பிராயப்பட்டாள்.)

இப்படி எல்லாம் இருந்தும் கணிதம் இவ்வளவு தூரம் பொருந்துகிறதே, அது எப்படி? யூஜின் விக்னர் என்ற இயற்பியல் மேதை 1960-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், இது விளங்காத அதிசயம் என்ற தொனியில். நாம் விடை வரும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வராததை ஓரம் கட்டிவிடுகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. நம் அசோசியேஷனில் யார் எப்போது மெயின்டனன்ஸ் கட்டுவார்கள் என்பதற்கு எந்த சூத்திரமும் இல்லை. பொருளாளரைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒருவரும் பார்க்காத நெப்டியூன் தாளிலிருந்து வந்ததே, அதற்கு அந்தப் பதில் போதாது என்பது என் எண்ணம். உலகத்தில் ஓர் ஒழுங்கு நிஜமாகவே இருக்கிறது, கணிதம் அதைத் தொடுகிறது. எந்த இடத்தில் தொடுகிறது, எந்த இடத்தில் விலகுகிறது என்பதை மட்டும் தாளில் தேடக் கூடாது.

பேஸ்மென்ட்டுக்குத் திரும்புகிறேன். அன்று நடந்ததில் தர்க்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பம்ப் ஓடக் கரன்ட் வேண்டும். ஈ.பி. பத்திரத்துக்காக லைனை நிறுத்திவிட்டது. எனவே ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டர் ஓட அது நனையாமல் இருக்க வேண்டும். அது நனையாமல் இருக்கப் பம்ப் ஓட வேண்டும். ஏனென்றால் ஜெனரேட்டரை நாம் பேஸ்மென்ட் மூலையில் வைத்திருந்தோம்! இதில் ஒவ்வொரு வரியும் சரி. கமிட்டிக் கூட்டத்தில் ஒவ்வொன்றாக நாம்தான் ஒப்புதல் கொடுத்தோம், வேறு வேறு மாதங்களில். வரிசையாக வைத்துப் படித்திருந்தால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வட்டத்தைக் கண்டுபிடித்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க மலைக்குப் போகவே வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் யோசித்தால் போதும். அதையும் நாங்கள் செய்யவில்லை. ஜெனரேட்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறது, புதிய ஜெனரேட்டர், அதே மூலை.

அடுத்த பொதுக்குழுவில் வெள்ளத் தடுப்புக் கதவுக்கு வாக்கெடுப்பு வருகிறது. ஆலோசகர் கொடுத்த அறிக்கையைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் வெள்ள உயரம் 46.25 சென்டிமீட்டர், எனவே கதவு 60 சென்டிமீட்டர் போதும் என்று இருக்கிறது. இரண்டு தசம இடம் பார்த்ததும் நம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை வருகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். 2015-ல் இருந்த வாட்ச்மேன் "முழங்கால் வரைக்கும்" என்று கையால் காட்டினாராம். அதை அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டு, கம்ப்யூட்டரில் பெருக்கியதில் தசமங்கள் வந்துவிட்டன. அவர் முழங்காலுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட நிச்சயம் கிடையாது, விடைக்கு மட்டும் எப்படி நூற்றில் ஒரு சென்டிமீட்டர் வரை நிச்சயம் வரும்?

போன வாரம் நானும் நம் எலெக்ட்ரீஷியனும் ஒரு ட்யூப் லெவல் எடுத்துக்கொண்டு போனோம். ரோட்டு ஓரத்து டிரான்ஸ்ஃபார்மர் சுவரில் அந்த வெள்ளத்தின் கறை இன்னும் மங்கலாக இருக்கிறது. அந்தக் கறையிலிருந்து நம் ராம்ப் மேட்டுக்கு மட்டம் பிடித்தோம். 58 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் இப்படி அப்படி இருக்கலாம். 60 சென்டிமீட்டர் கதவு போட்டால், அதே வெள்ளம் வந்தால், இரண்டு சென்டிமீட்டர் மிச்சம். பக்கத்துக் காலி மனைகளில் இப்போது கட்டடம் வந்துவிட்டது, ரோட்டையும் இரண்டு தடவை உயர்த்திவிட்டார்கள். அதே வெள்ளம்தான் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் கேட்பது 90 சென்டிமீட்டர். ஜெனரேட்டரும் மெயின் பேனலும் தரைத்தளத்துக்கு மேலே போக வேண்டும். செலவு அதிகம், தெரியும். 90 என்பதும் சூத்திரம் கொடுத்த எண் இல்லை. கறை, அதற்கு மேல் ஒன்றரைச் சாண், ஒரு வயதானவனின் பயம். அறிக்கையில் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன், தசமம் வேண்டாம் என்று.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 'ஏ' பிளாக் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து தினமும் காலை 8.30 மணிக்கு அளவு எடுத்து நோட்டில் எழுதி வருகிறேன். வானிலைத் துறையும் அந்த நேரத்துக்குத்தான் எடுக்கிறது. மழை பெய்யாத நாளும் பூஜ்யம் என்று எழுத வேண்டும், காலியாக விடக் கூடாது. அடுத்த மாதம் ஆறு வாரத்துக்கு மகள் வீட்டுக்குப் போகிறேன், வடகிழக்குப் பருவமழை சரியாக அப்போதுதான் வரும். யாராவது இரண்டு பேர் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். பேத்தி ஒருத்தி என்று பெயர் கொடுத்துவிட்டாள். இன்னொருவர் வேண்டும். நோட்டு செக்யூரிட்டி அறையில், பேனா நூலில் கட்டியிருக்கிறது.

போண்டா ஆறுகிறது.